காற்றே இல்லாத நாளில் போன கப்பல்: மிஷன் தீவுகளில் நடந்த படகுச் சேதங்கள்

நங்கூரக்காரர்:
மிஷன் கப்பல் உடைந்தது என்றால் புயல்தான் காரணமாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். லண்டன் மிஷனரி சங்கத்தின் இரண்டாவது ‘ஜான் வில்லியம்ஸ்’ கப்பல் 1867 ஜனவரியில் பசிபிக் கடலின் நியுவே தீவில் உடைந்துபோனது, காற்று செத்துப்போன நேரத்தில். முதல் கப்பல் 1864-ல் குக் தீவுகளில் ஒன்றான புகாபுகாவில் உடைந்த பிறகு, அந்த இடத்துக்கு வந்தது இது.

நியுவே கடலிலிருந்து மேலே எழும்பிய பவளத்தீவு. காயல் கிடையாது. கரையை ஒட்டிக் குறுகலான பார் (பவளப்பாறைத் திட்டு), அதன் விளிம்பைத் தாண்டினால் கிடுகிடு ஆழம். நங்கூரத்துக்குத் தரை எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டால், கப்பல் பாருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். சங்கிலி ஆழத்தைப் போல 3 மடங்காவது விட வேண்டும். கயிறு என்றால் 5 முதல் 7 மடங்கு. 40 மீட்டர் ஆழத்தில் 120 மீட்டர் சங்கிலி விட்டால், கப்பல் திரும்பவே இடம் இருக்காது. காற்று நின்றுவிட்டால் பாய் தொங்கிக் கிடக்கும். எங்கோ அடித்த காற்றின் நெடும் அலை மட்டும் ஓயாமல் கரைப்பக்கம் தள்ளும். சின்னப் படகுகளை இறக்கித் துடுப்புப் போட்டு இழுத்தால், ஒரு நாட் (மணிக்கு 2 கிலோமீட்டருக்கும் குறைவு) வேகம் கிடைத்தாலே பெரிது.

நியுவேயின் அலோஃபி துறையில் இன்றைக்கும் சிறு படகைத் தண்ணீரில் விட்டுவைப்பதில்லை. வேலை முடிந்ததும் கிரேனில் தூக்கி மேலே வைத்துவிடுகிறார்கள்.

வங்குக்கால்:
துறைக்குள் கிடந்தாலும் தப்பு நடக்கும், அண்ணே. இன்றைய வனுவாட்டுவின் அனெய்ட்டியம் தீவில் ‘டேஸ்பிரிங்’ என்ற மிஷன் கப்பல் 1873 ஜனவரிச் சூறாவளியில் உடைந்துபோனது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டிய கப்பல் அது.

புயலின் கண் தலைக்கு மேலே போனால் காற்று எதிர்ப்பக்கம் மாறும். காலையில் மறைவாக இருந்த கரை, மாலையில் கப்பலை மோதவைக்கும் கரையாகிவிடும். ஒரு திசைக்கு மட்டும் கணக்குப் போட்டு நங்கூரம் இட்டவன் அங்கேதான் மாட்டுவான்.

கயிறு பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், உரசும் ஒரு சாண் இடத்தில்தான் போகும். தோலோ பழைய கித்தானோ சுற்ற வேண்டும். அது போதாது, மணிக்கொரு தரம் அரை மீட்டர் கயிறு விட்டு உரசும் இடத்தை மாற்ற வேண்டும். பலர் சுற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தெற்குக்கடல்:
நீங்கள் இருவரும் சொன்னதில் கப்பல் போனது. தெற்கு அட்லாண்டிக்கின் டிரிஸ்டான் டா குன்யா தீவில் படகோடு ஆட்களும் போனார்கள். 1885 நவம்பர் 28-ல் ‘வெஸ்ட் ரைடிங்’ என்ற கப்பல் கடந்துபோனது. பண்டமாற்றுக்காக 15 ஆண்கள் ஒரே படகில் கிளம்பினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. தீவில் மிஞ்சிய வயதுவந்த ஆண்கள் நாலே பேர். முன்பு அங்கே பாதிரியாராக இருந்த டாட்ஜ்சன் 1886-ல் திரும்பி வந்தபோது பார்த்தது விதவைகளின் ஊரை.

ஓடும் பாய்க்கப்பலை அணுகுவது எப்படி என்று பார்த்தால்தான் ஆபத்து புரியும். கப்பல் ஒரு பாயை அதன் முன்பக்கத்தில் காற்று அடிக்கும்படி திருப்பி நிற்க வேண்டும். படகு அதன் மறைவுப் பக்கம் வந்து, மேலிருந்து எறியும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். கயிறு தவறினால் கப்பல் நகர்ந்துவிடும், படகு காற்று போகும் பக்கம் தள்ளப்பட்டுவிடும். பிறகு அலைக்கு எதிராகத் துடுப்புப் போட்டு வர வேண்டும், கையில் பலமும் இருக்காது. 1885-ல் நடந்தது இதுதானா என்று சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை.

வங்குக்கால்:
அவர்களுடைய கித்தான் படகு பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன் ஐயா.

தெற்குக்கடல்:
மரச்சட்டத்தின் மேல் கித்தானை இழுத்துத் தைத்து, பெயின்ட் பூசியது. ஆட்கள் சேர்ந்து கரைமேல் இழுத்துவிடக்கூடிய எடை. துறைமுகம் இல்லாத தீவுக்கு அதுதான் தோது; கால்ஷாட் துறைமுகம் 1967-ல்தான் வந்தது. கித்தான் கிழிந்தால் ஒட்டுத்துணியும் பெயின்ட்டும் போதும், ஏராவில் (படகின் அடிக்கட்டையில்) அடிபட்டால் வேலை நீளும். இலேசாக இருப்பதிலும் தொல்லை உண்டு, கரையில் கயிறு போட்டுக் கட்டாவிட்டால் காற்றே தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரே படகில் ஊரின் பெரும்பாலான ஆண்களை ஏற்றாமல் இரண்டாகப் பிரித்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு படகு கைவசம் இருந்ததா என்பது வேறு கேள்வி.