ரங்கூன் உளுந்துக் கிடங்கில் பங்கு சேரலாமா?

பேகு பேரன்:
தாத்தா பர்மாவில், ரங்கூனுக்கு அருகே பேகுவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1964-ல் நெ வின்னின் ராணுவ அரசு 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்ததும் கப்பலேறிவிட்டார். அங்கேயே தங்கிவிட்ட பெரியப்பாவின் மகன் இப்போது ரங்கூனில் உளுந்துக் கிடங்கு கட்டுகிறார், என்னையும் பங்கு சேரச் சொல்கிறார். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா சரக்குதான், நட்டமே வராது என்கிறார். ராணுவ ஆட்சியில் அந்த நாடு தேறுமா?

பருப்புத் தரகர்:
தம்பி, 2015 முதல் 2023 வரை ரங்கூனின் பயின்னாங் மொத்தச் சந்தையில் தரகு பார்த்தவன் நான். சரக்கைப் பற்றி உங்கள் அண்ணன் சொல்வது சரி. ஐராவதி டெல்டாவிலும் பேகு பக்கமும் நெல் அறுத்த வயலில் உளுந்து விதைப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் மூட்டை வந்து குவியும். அவர்கள் சமையலில் அதற்குப் பெரிய இடம் இல்லை, நமக்கு விற்கத்தான் போடுகிறார்கள். விற்ற டாலர் உங்கள் கைக்கு வருமா என்று கேளுங்கள்.

2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ப்பு. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுப் பணம் வந்தால் ஒரே வேலைநாளில் கியாட்டாக மாற்றவேண்டும் என்று மத்திய வங்கி உத்தரவு போட்டது. அந்த வாரம்தான் இரண்டு கன்டெய்னர் பணம் எனக்கு வந்தது. டாலருக்கு 1850 என்று கணக்கு எழுதித் தந்தார்கள். உடனே சரக்காக மாற்றாமல் வங்கியிலேயே விட்டுவைத்தது என் மடத்தனம். ஆகஸ்ட்டில் டாலரின் அரசு விலை 2100 ஆனது. 2024 ஆகஸ்ட்டில் வெளிச் சந்தை விலை 6000-ஐத் தாண்டியபோதும் அரசு விலை அதே 2100-தான். என் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. உங்கள் தாத்தாவுக்கு ஒரே நாளில் நடந்தது, எனக்கு இரண்டு வருடம் எடுத்தது, அவ்வளவுதான்.

வரைபடப் பிரியன்:
பர்மாவைச் சீனா சாய விடாது, ஐயா. பர்மாக் கடற்கரையில் சௌக்பியூவிலிருந்து சீனாவின் யுன்னானுக்கு எரிவாயுக் குழாய் 2013 முதலே ஓடுகிறதே?

பருப்புத் தரகர்:
சாயாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயில் வரும் காசு ராணுவத்தின் கைக்குத்தான் போகும், உளுந்து போட்டவனுக்கு வராது. வடக்கே கச்சின் மாநிலத்தில், பங்வா பக்கத்து அரிய மண் (காந்தம், மின்னணுக் கருவிகளுக்கான தாது) சுரங்கங்களையோ 2024 அக்டோபரில் ராணுவத்தை எதிர்க்கும் கச்சின் விடுதலைப் படை பிடித்துவிட்டது. யார் துப்பாக்கி நிற்கிறதோ அவருக்குத்தான் வரி. 2022 அக்டோபரில் FATF என்ற சர்வதேச அமைப்பு நாட்டைப் பணமோசடிக் கறுப்புப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது, பர்மா என்ற பெயரைப் பார்த்தாலே வெளிநாட்டு வங்கிகள் ஆயிரம் கேள்வி கேட்கும். கிடங்கில் மூட்டை தூக்க ஆளாவது கிடைக்குமா? 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை என்றதும் வாலிபப் பையன்களில் பாதிப் பேர் தாய்லாந்துக்கு வழி கேட்டார்கள். என்னிடம் கணக்கு எழுதிய பையனும் அங்கேதான் போனான், நல்ல கையெழுத்து அவனுக்கு.

பேகு பேரன்:
அண்ணனிடம் கேட்டேன். லாபத்தை, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல்காரர் மூலம் அனுப்பிவிடலாம் என்கிறார்.

பருப்புத் தரகர்:
அனுப்பலாம். அங்கே பாதி ஊர் அப்படித்தான் பிழைக்கிறது. மாட்டினால் ஜெயில், அதையும் சேர்த்துச் சொன்னாரா? சுவருக்கும் கூரைக்கும் பணம் போடாதீர்கள். உளுந்து வேண்டுமென்றால் கப்பலுக்குக் கப்பல் வாங்குங்கள், சரக்கு கப்பலில் ஏறியதற்கான தாள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். அதற்கு அண்ணன் சம்மதிக்கிறாரா, முதலில் பாருங்கள்.