யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள், என்ன ஆச்சு?

மதுரை வாசகி:
"என்ன படிக்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நீளமான பட்டியலை நீட்டுவதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். எங்கள் சித்தப்பா பலசரக்குக் கடைக்காரர். பேப்பரைத் தவிர எதையும் தொடமாட்டார். அவரிடம் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' கொடுத்து, "பல்லாங்குழிக் கட்டுரையை மட்டும் படிங்க சித்தப்பா, மத்தது உங்க இஷ்டம்" என்றேன். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேருக்கும் காய் சமம். போகப்போக ஒருத்தர் குழி காலியாகி இன்னொருத்தர் பக்கம் குவியும். தனிச்சொத்து வந்த கதையை அந்த ஆட்டத்துக்குள் வைத்துப் பார்க்கிறார் தொ.ப. படித்துவிட்டு, "நம்ம கடைத்தெருவும் இப்படித்தானம்மா ஆச்சு" என்றார் சித்தப்பா. மீதிக் கட்டுரைகளை அவராகவே முடித்துவிட்டார். அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்திருக்கிறேன். ஒல்லியான நாவல் என்பதால் பயப்படவில்லை.

நீங்கள் கொடுத்ததையும், அது எடுபட்டதா என்பதையும் சொல்லுங்கள். எடுபடாததையும் சேர்த்து.

கும்பகோணத்துக்காரர்:
கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தடிமனைப் பார்த்தே பையன்கள் ஓடுவார்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. 1880இல் எங்கள் ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடத்தைப் பிரித்துக் கொடுப்பேன். தான் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று உ.வே.சா. அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவே மாட்டார். பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்டு, சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பேச்சின் நீட்சிதான் 1887இல் அச்சான சீவக சிந்தாமணி. அங்கே மாட்டிய பையன் உ.வே.சா.வின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத் தேடிப் பின்னால் போய்ப் படிப்பான். எல்லோரும் அல்ல. வகுப்புக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:
முதல் பக்கத்தில் தொடங்கக் கூடாத இன்னொன்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. சிங்காரம் இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். எழுதிய நாவலே இரண்டுதான். 1972இல் வந்த இது இரண்டாவது. மலாய்ச் சொல்லும் செட்டித்தெருப் பேச்சும் கலந்து வரும் தொடக்கத்தில் என் நண்பர்கள் பலர் கழன்றுகொண்டார்கள். தொங்கான் என்கிற சரக்குப் படகில் போகும்போது புயலில் சிக்கும் பகுதியை முதலில் படிக்கக் கொடுங்கள். வாக்கியமே அலை மாதிரி தூக்கிப் போடும். நாயகன் பாண்டியனும் நண்பர்களும் தமிழ்ப் பெருமையைக் கிழிகிழியென்று கிழிக்கும் உரையாடல்களுக்கு அதன்பிறகு போகலாம். அதில் கோபப்படுகிறவர்கள் உண்டு. என் மாமனார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை!

வால்பாறைப் பேத்தி:
நான் கொடுக்கவில்லை, வாசித்துக் காட்டினேன். 'எரியும் பனிக்காடு', மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா. முருகவேள் தமிழில் தந்தார். இதைத் தழுவி எடுத்த 'பரதேசி' படம் பார்த்தவர்களும் இதைத் தனியாகப் படிக்க வேண்டும். படத்தைவிடப் புத்தகம்தான் எனக்கு ஒரு படி மேல். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்த அப்பாயிக்கு எழுத்து தெரியாது. முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துக்கொண்டு போகிற இடம் வந்ததும், நான் படிக்கப் படிக்க, அடுத்து என்ன நடக்கும் என்று அப்பாயி முந்திக்கொண்டு சொன்னது. காய்ச்சலில் ஆட்கள் சாகிற இடத்தில், "போதும்டி, மூடு" என்றுவிட்டது. மறுநாள் காலையில் அதுவாகவே, "மிச்சத்தைப் படி" என்றது. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இப்படி வாசித்துக் காட்டிப் பாருங்கள்.

மதுரை வாசகி:
அப்பாயிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. எல்லோருக்கும் ஒரு கேள்வி: என் தம்பி கிரிக்கெட்டைத் தவிர வாயைத் திறக்கமாட்டான். முதல் புத்தகமாக அவனுக்கு எதைக் கொடுப்பது? தன்முன்னேற்றப் புத்தகம் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே வீட்டில் நாலு கிடக்கிறது.