ஹிஸ்டரி மேஜர் முடித்த மகளுக்கு மெடிக்கல் ஸ்கூல்: எங்கிருந்து தொடங்குவது?

பிளேனோ அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டெக்சஸ்ல டாலஸ் பக்கம் இருக்கோம், எல்லாருக்கும் சிட்டிசன்ஷிப் வந்தாச்சு. மகளுக்கு 24 வயசு. ஸ்டேட் யுனிவர்சிட்டியில ஹிஸ்டரி மேஜர், ஜிபிஏ, அதாவது சராசரி கிரேடு, 3.7. சேரும்போது ப்ரீ-மெட், அதாவது மெடிக்கலுக்குத் தயாராகுற படிப்புன்னுதான் சேர்ந்தா. முதல் செமஸ்டர் ஜெனரல் கெமிஸ்ட்ரியில சி மைனஸ் வந்ததும் மனசு விட்டுப்போய் மாத்திக்கிட்டா. இப்ப வேலைக்குப் போயிட்டே சனிக்கிழமைகள்ல ஒரு ஹாஸ்பிஸ்ல (கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கிற இடம்) வாலன்டியரா இருக்கா. பேச முடியாம படுத்திருக்கிற பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து கதை படிச்சுக் காட்டிட்டு வருவா. போன மாசம், "அம்மா, நான் டாக்டருக்குப் படிக்கத்தான் போறேன்"னு உறுதியாச் சொல்லிட்டா.

அவ படிச்ச இடத்து அட்வைசர், "முதல்ல பப்ளிக் ஹெல்த்ல மாஸ்டர்ஸ் பண்ணு, ஜிபிஏ ஏறும்"னு சொல்றார். தெரிஞ்சவங்க பயாலஜியில இன்னொரு பட்டம் வாங்கணும்ங்கறாங்க. இன்னொருத்தர் கரீபியன் தீவுகள்ல இருக்கிற மெடிக்கல் ஸ்கூலுக்குப் போகச் சொல்றார். மூணும் பணம் விழுங்குற வழி. அந்த சி மைனஸை என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

ஹூஸ்டன் ஹாஸ்பிடலிஸ்ட்:

அக்கா, அந்த மாஸ்டர்ஸ் யோசனையை முதல்ல விட்டுடுங்க. மாஸ்டர்ஸ் கிரேடை விண்ணப்பத்துல தனியாத்தான் காட்டுவாங்க, இளங்கலை ஜிபிஏவோட சேராது. பப்ளிக் ஹெல்த் நல்ல படிப்புதான். ஆனா உங்க பொண்ணுகிட்ட இப்ப இல்லாதது கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும். அது அங்க கிடைக்காது.

இன்னொரு பட்டமும் வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல் கேட்கிறது குறிப்பிட்ட சில பாடங்களைத்தான். லேபோட பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், அப்புறம் பயோகெமிஸ்ட்ரி. டெக்சஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸும் இங்கிலீஷும் கேட்பாங்க, இங்கிலீஷ் அவகிட்ட ஏற்கனவே இருக்கும். பட்டம் முடிச்ச பிறகு இதை மட்டும் எடுத்துப் படிக்கிறதுக்குத்தான் போஸ்ட்-பேக்னு பேர். இளங்கலை லெவல் பாடம்ங்கறதால இந்த கிரேடு பழைய ஜிபிஏவோட சேரும்.

ஹிஸ்டரின்னு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. 1989-ல மருத்துவ நோபல் வாங்கின ஹெரால்டு வார்மஸ் ஆங்கில இலக்கியத்துல எம்.ஏ. முடிச்சிட்டுத்தான் கொலம்பியாவுல மெடிசின் சேர்ந்தார். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்ல கார்ஸ்னு ஒரு வாசிப்புப் பகுதி இருக்கு: 90 நிமிஷத்துல 9 பத்தி, 53 கேள்வி. எல்லாமே தத்துவம், வரலாறு, கலை, சமூகம்னு வரும். சயின்ஸ் மேஜர் பசங்க பல பேர் திணறுறது அதுலதான். நாலு வருஷமா ஹிஸ்டரி படிச்ச கண்ணுக்கு அது பழக்கமான வேலை.

சி மைனஸ்: பெரும்பாலான இடத்துல சி-க்குக் கீழே வாங்கின பாடம் கணக்கில் வராது, திரும்ப எடுத்தே ஆகணும். திரும்ப ஏ வாங்கினாலும் பழையது அழியாது, விண்ணப்பத்துல ரெண்டும் சேர்ந்துதான் ஜிபிஏ போடுவாங்க. பயப்பட வேண்டாம். 18 வயசுல சி மைனஸ், 24 வயசுல வரிசையா ஏ-ன்னு ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வந்தா, விண்ணப்பத்தைப் பார்க்கிறவங்களுக்கு அது நல்லாவே புரியும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. நீங்க டெக்சஸ்காரங்க. இங்க அரசு மெடிக்கல் ஸ்கூல்ல வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீதத்துக்கு மேல இடம் கிடையாது, சட்டமே அப்படித்தான். டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்ப சேவையான டிஎம்டிசாஸ் வழியா எத்தனை ஸ்கூலுக்குப் போட்டாலும் விண்ணப்பக் கட்டணம் ஒண்ணுதான். இந்த வசதியை விட்டுட்டு கரீபியனுக்கு ஏன் பணம் கட்டணும்? எம்.டி.யோட, இங்க இருக்கிற இன்னொரு டாக்டர் பட்டமான டி.ஓ.வுக்கும் சேர்த்துப் போடட்டும். டி.ஓ. டாக்டருக்கும் 50 மாநிலத்துலயும் முழு உரிமை உண்டு, படிப்பு முடிச்சதும் பயிற்சி இடம் ஒதுக்குற ரெசிடென்சி மேட்ச்சும் 2020-ல இருந்து ஒண்ணாயிடுச்சு.

ஆடிட்டர் டு கிளினிக்:

அக்கா, நான் அக்கவுன்டிங் முடிச்சு வேலை பார்த்துட்டு இதே வழியில வந்தவள், இப்ப மெடிக்கல் ஸ்கூல் மூணாவது வருஷம். டாக்டர் சொன்னது எல்லாம் சரி. நடைமுறையில சிக்கல் வர்ற இடம் மட்டும் நான் சொல்றேன்.

யுனிவர்சிட்டியில எந்த வகையில சேர்றாங்கறதை முதல்லயே கேளுங்க. நான்-டிகிரி, அதாவது பட்டத்துக்கு இல்லாம பாடம் மட்டும்னு சேர்ந்தா ரிஜிஸ்ட்ரேஷன் கடைசியா திறக்கும். லெக்சர்ல 200 சீட் இருக்கும், லேப்ல ஒரு செக்‌ஷனுக்கு 24 பேர்தான். நம்ம முறை வர்றதுக்குள்ள சாயங்கால லேப் எல்லாம் ரொம்பிடும், வேலைக்குப் போறவங்களுக்கு அது பெரிய அடி. செகண்ட் பேச்சலர்ஸ் (ரெண்டாவது இளங்கலைப் பட்டம்) மாணவியா சேர்ந்தா சில இடங்கள்ல முன்னாடியே திறப்பாங்க. அந்தப் பட்டத்தை முடிக்கணும்னு கட்டாயம் இல்ல.

கெமிஸ்ட்ரி ஒரு சங்கிலி. ஜெனரல் ஒண்ணு முடிச்சாத்தான் ரெண்டு, அப்புறம் ஆர்கானிக் ஒண்ணு, ரெண்டு, அதுக்கப்புறம் பயோகெமிஸ்ட்ரி. மொத்தம் அஞ்சு செமஸ்டர். பயாலஜி, பிசிக்ஸை எல்லாம் பக்கத்துல செருகிக்கலாம், இந்த வரிசையைச் சுருக்க முடியாது. அவசரத்துல சம்மர்ல திணிக்கத் தோணும். சி மைனஸ் வாங்கின பாடத்தை மட்டும் சம்மர்ல எடுக்க விடாதீங்க. பதினஞ்சு வாரப் பாடத்தை அஞ்சாறு வாரத்துல ஓட்டுவாங்க.

சயின்ஸ் புரொஃபசர்கள் ரெண்டு பேர்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கணும். ஆபீஸ் ஹவர்ஸுக்கு முதல் மாசத்துல இருந்தே போகட்டும். சந்தேகம் இல்லாட்டியும் போகட்டும்.

பிளேனோ அம்மா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அவளும் பக்கத்துல உட்கார்ந்துதான் படிச்சா. பிரின் மார், கௌச்சர் மாதிரி காலேஜ்கள்ல இதுக்குன்னே ஒரு வருஷ ப்ரோக்ராம் இருக்காமே, அது நல்லதா? செலவை நினைச்சா கலக்கமா இருக்கு. லோனும் மாறப்போகுதுன்னு கேள்விப்பட்டோம்.

ஹூஸ்டன் ஹாஸ்பிடலிஸ்ட்:

அது ரெண்டும் சயின்ஸே படிக்காம வர்றவங்களுக்கான நல்ல பேர் வாங்கின ப்ரோக்ராம்தான். சில மெடிக்கல் ஸ்கூல்களோட லிங்கேஜ், அதாவது சேர்க்கை ஒப்பந்தம், உண்டு, அது அமைஞ்சா விண்ணப்பம் போட்டுட்டுக் காத்திருக்கிற ஒரு வருஷம் மிச்சம். ஆனா செலவு அதிகம், வேலையையும் விடணும். டெக்சஸ்லயே இருக்கிறவளுக்கு உள்ளூர் யுனிவர்சிட்டி போதும்ங்கறது என் அபிப்பிராயம். அந்தப் பணம் மெடிக்கல் ஸ்கூலுக்கு உதவும்.

லோன் விஷயம் உண்மைதான். 2025-ல வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1-க்கு அப்புறம் புதுசா கடன் வாங்குறவங்களுக்கு கிராட் பிளஸ்ங்கற ஃபெடரல் லோன் கிடையாது. மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்புக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். மேல போனா பிரைவேட் லோன்தான். இன்-ஸ்டேட் டியூஷனோட, அதாவது சொந்த மாநிலத்தாருக்கான குறைஞ்ச கட்டணத்தோட, அருமை இப்பத்தான் இன்னும் அதிகமாத் தெரியும்.

எச்4ல ஒருத்தி:

இடையில கேட்கிறதுக்கு மன்னிக்கணும். நான் கோவையில பி.காம். முடிச்சு எச்4-ல, அதாவது கணவரோட வேலை விசாவைச் சார்ந்த விசாவுல, இருக்கேன். எனக்கும் இந்த வழி உண்டா டாக்டர்?

ஹூஸ்டன் ஹாஸ்பிடலிஸ்ட்:

உங்களுக்குக் கஷ்டம் கூடுதல்மா, மறைக்க விரும்பல. டிஎம்டிசாஸ்ல அமெரிக்க அல்லது கனடா கல்லூரியில 90 கிரெடிட் முடிச்சிருக்கணும். அதனால பாடங்களை மட்டும் எடுத்தா போதாது, இங்க கிட்டத்தட்ட ஒரு பட்டமே படிக்கிற மாதிரி ஆகும். சிட்டிசன், கிரீன் கார்டு இல்லாதவங்களை எடுக்காத ஸ்கூல்தான் நிறைய, எச்4-க்கு ஃபெடரல் லோனும் கிடையாது. கிரீன் கார்டு பக்கத்துல இருந்தா கம்யூனிட்டி காலேஜ்ல இப்பவே மெல்ல கிரெடிட் சேர்த்துட்டு வாங்க. இல்லன்னா, செலவு பண்றதுக்கு முன்னாடி நீங்க நினைக்கிற ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்குங்க.

பிளேனோ அம்மா:

மகள் ஃபாலுக்கு செகண்ட் பேச்சலர்ஸ்ல விண்ணப்பம் போட்டுட்டா. ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, பயாலஜி 1, ரெண்டு லேப். ஹாஸ்பிஸை விடலை. ஒரு டாக்டர்கிட்ட ஷாடோயிங்கும் (கூடவே இருந்து அவர் வேலையைப் பார்க்கிறது) கேட்டிருக்கா. கடைசியா ஒண்ணு: எம்கேட் எப்போ எழுதுறது?

ஆடிட்டர் டு கிளினிக்:

பயோகெமிஸ்ட்ரி முடிஞ்ச பிறகுதான் அக்கா, எம்கேட்ல அது நிறைய வரும். ஸ்கோர் வர ஒரு மாசம் ஆகும். டிஎம்டிசாஸ் மே மாசம் திறக்கும்போது ஸ்கோர் கையில இருக்கணும்னா ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவுல எழுதணும். அவசரப்பட்டு ஆகஸ்ட்ல எழுதி லேட்டாப் போடுறதை விட அடுத்த மே வரைக்கும் பொறுக்கிறது நல்லது. அவளை எனக்குத் தனியா மெசேஜ் போடச் சொல்லுங்க, என் ஆர்கானிக் நோட்ஸ் எல்லாம் அப்படியே இருக்கு, அனுப்பறேன்.