தமிழ் ஆசிரியர்களின் பெயர்ப் பதிவு: எந்தச் சுட்டியைக் கொள்வது?

வணக்கம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. 140 தமிழ் நூல்களுக்கு மார்க் 21 என்ற நூலகக் கணினி வடிவில் பட்டியல் பதிவு உருவாக்கும் பணி எனக்குத் தரப்பட்டுள்ளது.

தமிழ்ப் பெயர்கள் பலவற்றில் குடும்பப் பெயர் இல்லாததால், ஆசிரியர் பெயரைப் பதியும் 100ஆம் புலத்தில், பெயரின் வகையைக் காட்டும் எண்ணான முதல் சுட்டியிலேயே தடுமாறி நிற்கிறேன். 'ந. முருகன்' என்பதில் 'ந.' தந்தை பெயரின் முதலெழுத்து; ஆனால் பழைய பதிவுகள் சில முருகனைக் குடும்பப் பெயராகக் கொண்டு 1 என்றும், சில இயற்பெயராகக் கொண்டு 0 என்றும் குறித்திருப்பதால், ஒரே ஆசிரியரின் நூல்கள் இரண்டு தலைப்புகளின்கீழ்ப் பிரிந்து கிடக்கின்றன. தேடி வரும் வாசகர் பாதி நூல்களைக் காணாமலே திரும்பிவிடுவார் என்பதே என் கவலை.

ஆர்.டி.ஏ. என்னும் பட்டியலாக்க நெறிகளைப் படித்தேன். பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் வி.ஐ.ஏ.எஃப். தளத்தில் தேடியபோது சில ஆசிரியர்களுக்கு இரு வடிவங்களும் கிடைத்தன. மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாததால் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் விதியை எழுதித் தர வேண்டும். பெயரின் தமிழ் எழுத்து வடிவை, பிற எழுத்து வடிவங்களுக்கான 880ஆம் புலத்தில் சேர்ப்பதில் சிக்கல் இல்லை.

தமிழ் நூல்களைப் பட்டியலிட்ட அனுபவமுள்ளவர்களே, முதலெழுத்துடன் வரும் இத்தகைய பெயர்களுக்கு நீங்கள் 0, 1 ஆகியவற்றுள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?