102 அடியிலேயே பவானிசாகரைத் திறந்து விடுகிறார்களே, ஏன்?

கடைமடைக்காரன்:
சிவகிரிக்குப் பக்கம் மூன்று ஏக்கர், பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். போன தடவை எங்கள் மதகுக்கு நெல் முறை வந்த வருஷம், நாற்று முற்றிப்போன பிறகுதான் வயலில் தண்ணீர் ஏறியது. அதே வருஷம் அக்டோபரில் அணை 102 அடியைத் தொட்டதும் உபரி என்று ஆற்றில் திறந்துவிட்டார்கள். அணையின் அளவு 105 அடி. உச்சியில் மூன்று அடி என்றால் சும்மாவா, நீர்ப்பரப்பு அங்கேதானே அகலம்? மாமா வேறு, அணை 120 அடி, 105 என்பதே ஏமாற்றுக் கணக்கு என்கிறார்.

பழைய லஸ்கர்:
தம்பி, லஸ்கர் என்றால் கரைக்காவல் வேலை, அதைப் பார்த்தவன் நான். மாமா சொன்னதில் பாதி சரி. 120 அடியில் சேற்றுக்கு 15 அடி கழித்துத்தான் 105 என்று அளக்கிறோம். ஏமாற்று ஒன்றும் இல்லை.

102 அடி விஷயத்துக்கு வருகிறேன். இது மண் அணை. நடுவில் மதகு உள்ள கற்கட்டைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் மண் கரை, நீளம் 8 கிலோமீட்டருக்கு மேல். கற்கட்டு என்றால் மேலே கொஞ்சம் வழிந்தாலும் தாங்கும். மண் கரையில் வழியவே கூடாது. பின்சரிவு அரிபட ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. பவானியும் மாயாறும் நீலகிரி மழையை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து கொட்டும். அதற்கு இடம் விட்டுத்தான் அக்டோபர் கடைசி வரை 102, அப்புறம் 105.

நான் வாய்க்காலுக்கு மாறுவதற்கு முன் அணைக்கரையில் நடந்தவன். அடிவாரத்தில் தெளிந்த கசிவைப் பார்த்தால் பயமே வராது, அது எல்லா மண் அணையிலும் உண்டு. கலங்கி வந்தால்தான் வயிறு கலங்கும், உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். எலி வளை, கரையான் புற்று, கரையில் முளைத்த வேலஞ்செடி, எதையும் விட்டுவைக்க மாட்டோம்.

காளிங்கராயன் பாசனம்:
ஆற்றில் விட்டால் வீண் என்று நினைக்காதீர்கள் அண்ணா. கொடிவேரியில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இருக்கின்றன, பவானி ஊருக்குப் பக்கத்தில் எங்கள் காளிங்கராயன் அணைக்கட்டு இருக்கிறது. எல்லாமே 1955இல் முடிந்த உங்கள் அணைக்குப் பல நூறு வருஷம் மூத்தவை. ஆனால் வெள்ளத்தை நாங்களும் முழுதாகப் பிடிக்க முடியாது, மீதி கூடுதுறையில் காவிரியோடு போய்விடும், அது உண்மைதான்.

கடைமடைக்காரன்:
சரிங்க, கரை விஷயம் புரிந்தது. ஆனால் நாற்று முற்றியதற்கு யார் பதில் சொல்வது?

பழைய லஸ்கர்:
அந்த மூன்று அடி இருந்திருந்தாலும் உங்கள் வயலுக்கு வந்திருக்காது தம்பி. 200 கிலோமீட்டர் வாய்க்கால். 2,07,000 ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்கும் மறுபாதிக்கு ஜனவரியில் புன்செய்க்கும் விட்டு, வருஷத்துக்கு வருஷம் மாற்றுகிறார்கள். நடுவழியில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்களை ராத்திரி டார்ச்சோடு துரத்தியிருக்கிறேன். காலையில் அதே ஆள் கடையில் டீ வாங்கித் தருவார். கரையிலும் தண்ணீர் கசிந்து போகிறது.

கடைமடைக்காரன்:
அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறு ஊறுகிறது. வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வந்து சேரும் என்கிறேன் நான். கிணறு போய்விடும் என்கிறார் அப்பா. வீட்டில் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இந்த வருஷம் எங்களுக்குப் புன்செய் முறை, கடலை போடுகிறோம்.