க்ரஷ் சாட்சியும் 'கோ ஃபாஸ்ட்' வீடியோவும்

பல்லடத்தான்:
ஏனுங்க, 2023 ஜூலை 26-ல டேவிட் க்ரஷ் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னாடி சத்தியம் பண்ணிச் சொன்னாரே, விழுந்த பறக்கும் தட்டுகளை ரகசியமா ஆராயறாங்கன்னு. ராணுவ வீடியோ வேற இருக்குது. எதை நம்பறதுங்க?

நொய்யல்கரை:
அவரு விமானப்படை உளவு அதிகாரியா இருந்தவருங்க, ஆனா தட்டை நேர்ல பார்த்ததா சொல்லலை. 40 பேருக்கு மேல விசாரிச்சேன்னார், அவ்வளவுதான். இந்த மாதிரி மர்மப் பொருள்களை விசாரிக்கற பென்டகனோட ஆரோ அலுவலகம் 2024 மார்ச்சுல ஆதாரமில்லைன்னுடுச்சு. விழுந்த தட்டை ஆராயறதுக்குன்னு சொன்ன 'கோனா ப்ளூ' திட்டமும் முன்மொழிவோட நின்னுபோச்சுங்க.

சூலூர்மணி:
வீடியோவை நீங்களே கணக்குப் போடலாமுங்க. கடலை ஒட்டி ஏதோ வேகமா பறக்கற மாதிரி தெரியற அமெரிக்கக் கடற்படை வீடியோதான் 'கோ ஃபாஸ்ட்'. அதோட திரையில படமெடுத்த விமானத்தோட உயரம் 25,000 அடி. கேமரா பொருள் மேல பூட்டின நேரத்துல தூரம் 4.4 கடல்மைல், கேமரா 26 டிகிரி கீழே பாக்குது. ஒரு கடல்மைல் 6,076 அடி. 4.4 × 6,076 × சைன் 26 = சுமார் 11,700 அடி. அதை 25,000-ல கழிச்சா பொருள் 13,000 அடிக்கு மேல இருக்குது, கடலை ஒட்டி இல்லை. வேகமா தெரியறது விமானத்தோட ஓட்டம். நாசா குழு போட்ட வேகம் மணிக்கு சுமார் 40 மைல்தான். அந்த 4.4-ஐ சாதா மைல்னு நினைச்சு 5,280-ஆல பெருக்குனா உயரம் 1,500 அடி தப்பும். நிறையப் பேர் சறுக்கறது இங்கதான்.

பல்லடத்தான்:
இன்னொரு கடற்படை வீடியோவான 'கிம்பல்'லுக்கும் இதே கணக்கு ஆகுங்களா?

சூலூர்மணி:
ஆகாதுங்க. அதுல தூரமே திரையில வராது.