குளிர்பெட்டி இல்லாத பாய்ப்படகில் உணவு வைப்பு: எந்தச் சொல்லை எடுப்பது?

கல்லடியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

நாம் சேர்ந்து எழுதும் பாய்ப்படகுக் கையேட்டின் உணவு அத்தியாயத்துக்கு இப்போது ‘குளிரூட்டா உணவுச் சேமிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அத்தியாயப் பெயராக அது இருக்கட்டும். உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் அதே சொல்லைப் போட்டு எழுதினால் சமையல் பார்ப்பவருக்கு உதவாது. குளிர்பெட்டி இல்லை என்பதை மட்டுமே அந்தச் சொல் சொல்கிறது. வெங்காயத்தை எப்படி வைப்பது, கருவாட்டை எப்படி வைப்பது என்பதற்கு அதில் விடை இல்லை. இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர்மாறு.

வெங்காயம், உருளைக்கிழங்கு, கோவா, பூசணி எல்லாம் பறித்த பிறகும் சுவாசிப்பவை. ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நீராவியும் வெப்பமும் விடுகின்றன. மூடி போட்ட வாளிக்குள் வைத்தால் அவை விட்ட நீரே சுவரில் வியர்த்து வழிந்து, சில நாட்களில் அழுகல் பிடிக்கும். கருவாடு, மா, பால்மா, சீனி, உப்பு ஆகியவற்றுக்கோ காற்றுத்தான் எதிரி. நிறைந்த உப்புக்கரைசலோடு சமநிலையில் இருக்கும் காற்றின் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது உள்ள பங்கு) ஏறக்குறைய 75 சதவீதம். காற்று அதைவிட ஈரமாக இருந்தால் உப்பு நீரை இழுக்கும். கடல்மேல் காற்று பெரும்பாலான நேரம் 75 முதல் 85 சதவீதத்தில் இருக்கிறது. கரையில் வெயிலில் கயிற்றில் தொங்கும் கருவாட்டை அதே பழக்கத்தில் படகிலும் வலையில் தொங்கவிட்டால் இரவில் கசியத் தொடங்கும், பின்னாலேயே பங்கசு (பூஞ்சணம்) வரும்.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். சுவாசிப்பவற்றுக்குக் ‘காற்றாடு வைப்பு’. ஈரம் இழுப்பவற்றுக்குக் ‘காற்றடை வைப்பு’. குளிர்பெட்டி இல்லாமலே நிற்கும் டின், பால்மா போன்றவற்றுக்குப் பொதுச்சொல்லாக ‘வெளிவைப்பு உணவு’ சரியா என்றும் பாருங்கள்.

இன்னொன்று. ‘உலர்ந்த, குளிர்ந்த, இருண்ட இடம்’ என்று பிறமொழிக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தட்டுப்பலகைக்குக் கீழே, நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த இடத்தைத்தான் அவை குறிக்கின்றன. வட அத்திலாந்திக்கில் கடல்நீர் 10 அல்லது 15 பாகை செல்சியசில் இருக்கும்போது அது நல்ல யோசனை. நமது கிழக்கிலங்கைக் கடலில் மேல்நீரே ஆண்டின் பெரும்பகுதி 28 முதல் 30 பாகை. படகின் அடிப்பகுதி அதைவிடக் குளிராது. அங்கே வைப்பதால் கிடைக்கும் பயன், நண்பகலில் 35 பாகையைத் தாண்டும் மேல்தட்டுச் சூட்டிலிருந்து தப்புவது மட்டுமே. ‘குளிர்ந்த’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘சூடேறாத’ என்று எழுதுகிறேன்.

வாழைச்சேனையிலிருந்து

டீச்சருக்கு வணக்கம்.

பிரிப்பு சரி. சொற்கள் ஆபத்தானவை. காற்றாடு, காற்றடை என்று மூடியில் மார்க்கர் பேனையால் எழுதி, ஆடுகிற படகில் டோர்ச் வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். ஒரு கால் அழிந்தால் பொருளே தலைகீழாகிவிடும். பெட்டியில் எழுதும் சொல் தூரத்திலிருந்தே வேறாகத் தெரிய வேண்டும். அதனால் ‘காற்றாட’, ‘இறுக’ என்று இரண்டு சொல் போதும். ‘காத்தாட வை’, ‘இறுக மூடு’ என்று வீட்டில் சொல்வதுதானே. கையேட்டில் காற்றாட வைப்பு, இறுக வைப்பு என்று எழுதலாம்.

‘வெளிவைப்பு’ வேண்டாம். படகில் வெளி என்றால் மேல்தட்டு. புதிதாக வருபவர் டின்னைக் கொண்டுபோய் வெயிலில் வைப்பார். டின்னுக்கும் போத்தலுக்கும் ‘கெடாவைப்பு’ என்று சொன்னால் என்ன?

காற்றாட வைப்புக்குப் படகில் வேண்டியவை இவை. வலைத்தொட்டில் இரண்டேனும் வேண்டும், வெங்காயத்துக்கு ஒன்று, உருளைக்கிழங்குக்கு ஒன்று. கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைத்து அழுகும். கிழங்கு வலையைச் சாக்கால் மூடி இருட்டாக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் பச்சை பிடித்துச் சொலனின் நஞ்சு சேரும். தொட்டிலை முன்பின்னாக இரண்டு முனையும் கட்டித் தொங்கவிட்டு, படகின் பக்கச்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். படகு சரியும்போது வலை சுவரில் மோதினால் மோதிய இடத்திலேயே கன்றிப்போய் அங்கிருந்து அழுகல் புறப்படும். அழுகல் பெரும்பாலும் சூட்டால் வருகிறது என்று எண்ணுகிறோம். பாய்ப்படகில் கன்றலால் வருவதுதான் கூடுதல்.

கோவாவைக் கத்தியால் பாதியாக்கக் கூடாது. வெட்டு முகம் கறுத்து அழுகும். வெளியிலை உரிக்காமல் பேப்பரில் சுற்றி வைத்து, தேவைக்கு வெளியிலிருந்து ஒவ்வோர் இலையாகக் கழற்றினால் 2 கிழமை நிற்கும். முழு நீற்றுப்பூசணி மாதக்கணக்கில் நிற்கும். வாழைக்குலையும் மாம்பழமும் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை விடும். கரட், போஞ்சி, கீரை அதே பக்கத்தில் இருந்தால் கரட் கசக்கும், கீரை மஞ்சளாகும். குலையைப் பின்பக்கம் காற்றில் கட்டுவது அதற்காகவே. தக்காளியைச் செங்காய், அரைப்பழம், பச்சை என்று மூன்று பருவத்தில் வாங்கிப் பிரித்து வையுங்கள்.

இறுக வைப்பில் பெரிய வாளி தவறு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கடற்காற்று உள்ளே போகிறது. 1.5 லீற்றர் சோடாப் போத்தலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரிசி நிரப்பினால் ஏறக்குறைய 1.2 கிலோ பிடிக்கும். இரண்டு பேருக்கு நாளுக்கு 400 கிராம் என்றால் ஒரு போத்தல் 3 நாள். ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றவை தப்பும். கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்புங்கள், மேலே காற்று விடாதீர்கள். அரிசி மணிக்குள்ளே வண்டின் முட்டை ஏற்கெனவே இருக்கும். இறுகிய போத்தலில் அவையே ஒட்சிசனைத் தின்று 21 சதவீதத்திலிருந்து 5-க்குக் கீழே கொண்டுவந்தால் பெருகாமல் மடியும்.

மட்டை அட்டைப் பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள். அதன் மடிப்புக்குள் கரப்பான் முட்டைக்கூடு ஒட்டியிருக்கும். சாமானைத் துறைமேடையிலேயே பிரித்து, டின்னின் கடதாசியையும் உரித்துவிட்டு, மூடியிலும் பக்கத்திலும் பெயரும் திகதியும் எழுதுங்கள். கடதாசி ஈரமானால் தகரத்தோடு ஒட்டி நின்று துருப்பிடிக்க வைக்கும், உரிந்த துண்டுகள் நீரிறைக்கும் பம்பை அடைக்கும்.

கல்முனையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

உணவுத் தொழினுட்பப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. ‘கெடாவைப்பு’ என்ற சொல்லைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். கெடாது என்று பெயரே வாக்குக் கொடுக்கிறது. அந்த வாக்கை நம்பி ஊதிய டின்னைத் திறப்பவர் இருப்பார். குளோஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியாவின் வித்தி (சூட்டைத் தாங்கும் உறங்கு நிலை) 100 பாகைக் கொதிநீரில் மணிக்கணக்கில் சாகாது. 121 பாகையில் 3 நிமிடம் என்பதே ஆலைகளின் அளவுகோல். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம்தான் அதற்கு ஏற்றது. அதாவது நாம் இறுக வைப்பு என்று சொல்லும் நிலையில் ஈரமுள்ள உணவை வைத்தால், அந்தக் கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

எனவே இறுக வைப்பின் வரைவிலக்கணத்துக்குள் ஒரு நிபந்தனை சேர வேண்டும்: உலர்ந்தது, அல்லது புளித்தது, அல்லது ஆலையிலோ கன்னிங் குக்கரிலோ (போத்தலில் அடைத்த உணவை அமுக்கத்தில் சூடாக்கும் கலம்) மூடியபின் சூடாக்கியது. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் இறுக மூடாதே. புளிப்பின் எல்லை பிஎச் 4.6 (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்). அதற்குக் கீழே அந்தப் பற்றீரியா வளராது. அதற்கு உலர்வின் எல்லை நீர்ச்செயற்பாடு 0.94 (தூய நீருக்கு 1; உலர உலரக் குறையும்). ஸ்ரெபிலோகொக்கசு என்ற இன்னொரு பற்றீரியா 0.86 வரை வளரும், சில பங்கசுகள் 0.7 வரையும் தாங்கும். ஆகவே கருவாடும் பருப்பும் 0.7-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நீர்ச்செயற்பாட்டுக்கு ‘விடுநீர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் அது நீரின் அளவைக் குறிப்பதுபோல் தொனிக்கிறது. இங்கே குறிப்பது உணவின் நீராவி அமுக்கத்துக்கும் தூய நீரின் நீராவி அமுக்கத்துக்கும் உள்ள விகிதம். தேனில் நீர் இருக்கிறது, ஆனால் கிருமிக்கு அது எட்டாது. நீர்ச்செயற்பாடு என்றே வைத்திருப்போம்.

வீட்டில் செய்யும் ஒன்றைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்: உள்ளியைப் பச்சையாக எண்ணெயில் மூழ்கடித்துப் போத்தலில் அடைப்பது. காற்றில்லை, புளிப்பில்லை, ஈரம் உண்டு. 30 பாகையில் இதைப் படகில் வைத்திருக்கவே கூடாது. தேசிக்காய் ஊறுகாய், உப்பும் புளிப்பும் சேர்ந்தது, அது வேறு.

சோறு சமைக்கும் பிரஷர் குக்கரில் மீனை அடைக்க முயல வேண்டாம். அதில் அமுக்கத்தை அளக்க வழியில்லை. மானி பொருத்திய கன்னிங் குக்கரில், பைன்ட் போத்தல் மீனுக்குச் சதுர அங்குலத்துக்கு 11 இறாத்தல் அமுக்கத்தில் 100 நிமிடம் வேண்டும்.

பிடித்த மீனைச் சாடியில் போடுபவர்களுக்கு: சூரை போன்ற மீன்களில் குடல் எடுக்காமல் சூட்டில் கிடக்கும் நேரத்திலேயே ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, உப்பும் கொறக்காப் புளியும் அதை நீக்காது. பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடல் எடுத்து, கடல்நீரில் கழுவி, ஒரு மணி நேரத்துக்குள் உப்புக்குள் போக வேண்டும். மீன் 3 பங்குக்கு உப்பு 1 பங்கு, இடையிடையே கொறக்கா. ஊறிவரும் நீருக்கு மேலே மீன் தலைநீட்டாதபடி பாரம் வைக்க வேண்டும்.

முட்டை இரண்டு சொல்லுக்குள்ளும் அடங்காது. அதன் ஓட்டில் நுண்துளைகள் உண்டு, அவற்றை மூட வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் வாளியில் அடைத்தால் வியர்க்கும். கழுவாத, குளிர்பெட்டியில் ஒருபோதும் வைக்காத முட்டையாக வாங்குங்கள். குளிரிலிருந்து எடுத்த முட்டையில் நீர் படிந்து, அந்த நீரோடு கிருமி உள்ளே இழுபடும். லிக்விட் பரஃபின் அல்லது வாசலைன் மெல்லியதாக எல்லாப் பக்கமும் பூசி, தட்டில் காற்றாட வைத்து, 2 நாளுக்கு ஒருதடவை தலைகீழாகத் திருப்பினால் மஞ்சட்கரு ஓட்டில் ஒட்டாது. பூசாதது நமது சூட்டில் 2 கிழமை, பூசியது 4 கிழமை என்று கணக்கெடுக்கலாம். எப்போதும் வேறு கோப்பையில் உடைத்து மணந்து பார்த்த பிறகே சட்டியில் ஊற்றுங்கள். இதற்குப் ‘பூச்சுக்காப்பு’ என்று மூன்றாவது சொல் தேவை.

அக்கரைப்பற்றிலிருந்து

கல்முனைக் காக்கா சொன்னதோடு சேர்த்து ஒரு சிறு குறிப்பு. பானைக்குள் பானை வைத்து இடையில் ஈரமணல் இடும் முறைக்கு வரைவில் ‘மண்பானைக் குளிர்பெட்டி’ என்று இருக்கிறது. பெட்டி என்றதும் குளிர்பெட்டியின் வேலையை எதிர்பார்ப்பார்கள். ஆவியாதலால் குளிர்வது காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) கீழே போகாது. கடலில் 30 பாகை, 80 சதவீத ஈரப்பதன் என்றால் அந்த எல்லை 27 பாகை. மூன்று பாகைக்காக நன்னீரைச் செலவழிப்பதா? கரையில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் பகலில் 34 பாகை, 50 சதவீதம் என்றால் எல்லை 25-ஐ ஒட்டி வரும். அங்கே தக்காளிக்கும் கீரைக்கும் நன்றாக உதவும். ‘ஈரச்சாடி’ என்று பெயர் வைத்து, ‘நங்கூரமிட்டிருக்கையில், கச்சான் காலத்தில்’ என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து

காற்றாட, இறுக இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வாழைச்சேனை அண்ணன் சொன்ன மூடிச் சோதனை மற்ற அத்தியாயங்களுக்கும் பொருந்தும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930-களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை ஏற்றபோது பாடநூலுக்குச் சொல் தேடினார்கள். நாம் தேடுவது கை ஈரமாக இருக்கும்போது வாசிக்கும் சொல். அளவுகோல் அதற்கேற்றபடி இருக்கட்டும். வரைவு இப்படி மாறுகிறது.

காற்றாட வைப்பு: சுவாசிக்கும் மரக்கறி, கிழங்கு, பழத்தை மோதலும் வெளிச்சமும் படாமல், காற்று ஊடுருவும்படி வைத்தல்.

இறுக வைப்பு: உலர்ந்த, புளித்த, அல்லது மூடியபின் உரிய அமுக்கத்தில் சூடாக்கிய உணவை ஈரமும் காற்றும் புகாதபடி சிறு அளவுகளாக மூடி வைத்தல்.

பூச்சுக்காப்பு: முட்டையோட்டின் துளைகளை எண்ணெய்ப்பசையால் மூடிக் காத்தல்.

ஈரச்சாடி: அக்கரைப்பற்று சொன்னபடியே.

கெடாவைப்பையும் வெளிவைப்பையும் நீக்கிவிட்டேன். டின்னுக்குத் தனிச்சொல் வேண்டாம், இறுக வைப்புக்குள் அடங்கும். ஆனால் திறந்த டின் எந்த வைப்பிலும் இல்லை. 425 கிராம் டின்மீன் இரண்டு பேருக்கு ஒரு நேரத்துக்கு அதிகம், மிச்சம் இரவுக்கு நிற்காது. அதனால் வாங்கும்போதே பார்க்க வேண்டிய அளவுக்கு ‘ஒருநேரப் பொதி’ என்று சேர்க்கிறேன். ‘ஒருவேளை’ என்று எழுதினால் ‘சிலசமயம்’ என்றும் வாசிக்க இடமுண்டு, அதனால் ‘நேரம்’. ஊதிய டின், விளிம்புத் தையலில் நசுங்கிய டின், திறக்கும்போது சீறும் போத்தல் மூன்றுக்கும் ஒரே கட்டளை: சுவைத்துப் பார்க்காதே. இதைச் சிவப்பில் அச்சிடச் சொல்கிறேன்.

தட்டுப்பலகைக்குக் கீழே நீர் சேரும் இடத்துக்கு வாழைச்சேனைத் துறையில் ஓடாவிமார் (படகுத் தச்சர்கள்) சொல்வது என்ன என்று அண்ணன் எழுதினால், அடுத்த அத்தியாயத்தில் பம்பு பற்றி எழுதும்போது அதையே எடுப்போம்.